சூளை நெருப்பும் விண்ணெருப்பும்

(வேப்பூரில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



வேப்பூர் நாற்சாலை கூடும் ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையால் இவ்வூரை அறிந்தோர் பலர். வடக்கே சென்றால் சென்னை, தெற்கே சென்றால் திருச்சிராப்பள்ளி, மேற்கே சேலம், கிழக்கே, விருத்தாசலம் என வடமொழியிற் பெயர் மாற்றப்பெற்று வழங்கும் திருமுதுகுன்றம். நான்கு சாலையின் நான்கு முனையிலும் விண்கலக் கலையோடு தொடர்புடைய ஏதேனும் ஒன்று இருக்கின்றது. மூன்று முனைகளின் தொடர்பு செய்தித்தாள்களில் வந்துள்ளது. நான்காவதாகிய கிழக்கு முனையின் தொடர்பை எவரும் எண்ணிப் பார்த்திலர். அதை எண்ணிப் பார்ப்பதே இப்பொழிவின் நோக்கம்.

திருமுதுகுன்றம் பீங்கான் தொழிலூர். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் வெளிப்படும் களிமண்ணும் பிற மண்வகைகளும் அங்கே பிசையப்பட்டு, வார்க்கப்பட்டு, சூளையில் வெந்து, பொம்மையாகவும் விளக்காகவும் கலங்களாகவும் வெளிவருகின்றன. விண்ணிலிருந்து திரும்பும் கலம் எரிந்து சாம்பலாகாமல் காப்பது எது என்று கேட்டால், அதற்குரிய விடைகளுள் ஒன்று, மணலின் உட்பொருளைச் சூளையிற் சுட்டு ஆக்கிய ஓடு என்பதாம். பீங்கான் தொழிலும் விண்கலக் காப்பும் ஒரே கலையின் இரு கிளைகள். ஒரு கிளை வேப்பூருக்கு அருகே உள்ளது. மற்றொரு கிளை எட்டாத உயரத்தில் இருப்பதாக இங்குள்ள பிள்ளைகளுக்குத் தோன்றுகின்றது. அத்தோற்றம் எதனால் வந்தது என்று காணல் வேண்டும்.

இறங்குதலே அரிது

விண்ணுக்கு ஏறுதல் அரிது என்பதை அனைவரும் அறிவர். இறங்குதல் அதனினும் எளிதன்று. உலகைச் சுற்றிவரும் கலத்தின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். அவ்விரைவிற் செல்லும் பொருளின் ஒவ்வொரு கிலோவிலும் பொதிந்திருக்கும் ஆற்றல், 2 கிலோ உலர்விறகை எரித்தால் வரும் வெப்பத்திற்கு ஏறக்குறைய ஒப்பாகும். 550 கிலோ எடையுள்ள கலமாயின், ஒரு டன் விறகின் அனலை அது தன்னோடு கொண்டு வருகின்றது என்று கொள்க. சூளைக்காரர் ஒரு டன் விறகை இரவெல்லாம் சிறுகச் சிறுக எரிப்பர். கலமோ அவ்வளவு ஆற்றலையும் சில மணித்துளிகளிற் கழித்தாகல் வேண்டும். உள்ளிருக்கும் கருவிகளோ மாந்தரோ அச்சூட்டை உணரவும் கூடாது.

எரிபொருளைக் கொண்டே விரைவைக் குறைக்கலாகாதோ எனின், அவ்வளவு எரிபொருளையும் முதலில் விண்ணுக்குச் சுமந்தாக வேண்டும், அது பெருஞ்சுமை. ஆதலின் காற்றையே தடையாகக் கொண்டு இறங்குகின்றனர். அப்போது எழும் வெப்பம் காற்று உரசுவதால் வருவது என்று பலர் எண்ணுவர். அதன் பெரும்பகுதி உரசலால் வருவதன்று. கலத்தின் முன்னுள்ள காற்று விலகிச் செல்ல நேரமின்றி நெருக்குண்டு சூடேறுகின்றது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழலின் அடிப்புறம் சூடாவதைத் தொட்டறிந்தோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அங்கே கையளவு காற்று. இங்கே நெருக்குண்ட காற்றின் மூலக்கூறுகளே பிளந்து மின்னேறி ஒளிரும் அளவுக்குச் சூடு.

கூரிய முனையும் மழுங்கிய முனையும்

காற்றைக் கிழித்துச் செல்லும் கலம் ஈட்டிபோற் கூர்மையாக இருத்தல் வேண்டும் என்றே முதலிற் கருதினர். 1951இல் அமெரிக்க அறிவியலர் ஆரி சூலியன் ஆலன் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார். கலத்தின் முனை மழுங்கி அகன்றிருந்தால், அதன் முன்னே வலிய அதிர்ச்சி அலை ஒன்று கலத்தைத் தொடாமல் விலகி நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி அவ்வலையின் வழியே காற்றுக்குச் சென்றுவிடும். கலத்தைச் சேர்வது சிறு பங்கே. கூர்முனையிலோ அலை உடலோடு ஒட்டி நின்று முனையை உருக்கிவிடும். அன்று தொட்டு, விண்ணிலிருந்து இறங்கும் கூண்டுகளெல்லாம் கவிழ்த்த சட்டிபோல் மழுங்கிய முகத்தோடு வருவதன் கரணியம் இதுவே.

சேரும் வெப்பம் சிறு பங்கேயாயினும் அது மாழையை உருக்கப் போதுமானது. அதைத் தடுக்க இருவகைக் காப்புகள் உள. ஒன்று, தான் எரிந்து தேய்ந்து, தன் தேய்வோடு வெப்பத்தையும் கொண்டுபோவது. அதைத் தேய்காப்பு எனலாம். மற்றொன்று, தேயாமல் நின்று, மேற்புறம் செந்தழலாய் ஒளிர்ந்து வெப்பத்தை வெளியே வீசிவிட்டு, அடிப்புறத்தைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது. அதை ஓட்டுக்காப்பு எனலாம்.

தேய்காப்பின் வல்லமைக்கு வியாழன் கோளில் நுழைந்த கலிலியோ ஆய்கூண்டே சான்று. 1995 திசம்பர் 7இல் அக்கூண்டு நொடிக்கு 47 கிலோமீட்டர் விரைவில் வியாழனின் வளிப்போர்வைக்குள் பாய்ந்தது. உலகைச் சுற்றும் கலத்தைவிட விரைவில் ஆறு மடங்கு. ஆற்றலில் ஏறத்தாழ முப்பத்தாறு மடங்கு. கூண்டின் எடையில் ஏறக்குறையப் பாதி காப்பின் எடையே. அக்காப்பிற் பாதிக்கு மேல் எரிந்து தேய்ந்தது. எஞ்சியது உள்ளிருந்த கருவிகளைக் காத்தது.

ஓட்டுக்காப்பின் கதை சூளைக்காரர்க்கு இன்னும் அணுக்கமானது. 1981 ஏப்பிரல் 12இல் முதன்முறை பறந்த கொலம்பியா விண்ணோடத்தின் மேனியில் 30,000க்கும் மேற்பட்ட ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை மிகத் தூய சிலிக்கா நார்களைப் பிணைத்துச் சுட்டவை. சிலிக்கா என்பது மணலின் உட்பொருள். அவ்வோட்டின் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்றிடமே. ஆதலால் வெப்பம் அதன் வழியே மெல்ல ஊர்கின்றது. உலையிலிருந்து எடுத்த ஓடு உள்ளே செந்தழலாய் ஒளிரும்போதே அதன் விளிம்பை வெறுங்கையாற் பிடிக்கலாம். அவ்வாறு பிடித்தும் காட்டியுள்ளனர்.

இங்கேதான் குயவரின் பட்டறிவு வந்து நிற்கின்றது. கலத்தின் மேற் கண்ணாடிப் பூச்சு இட்டுச் சுடுவோர் ஒன்றை அறிவர். பூச்சு சுருங்கும் அளவும் உடல் சுருங்கும் அளவும் ஒவ்வாவிடின் பூச்சு வலைபோல் வெடிக்கும். சில வேளை உதிர்ந்தும் போகும். விண்ணோடப் பொறியாளரை வருத்தியதும் இதே சிக்கல்தான். ஓடோ சூட்டில் விரிவது மிகக் குறைவு. அடியிலுள்ள அலுமினிய மேனியோ நன்றாக விரியும், சுருங்கும். நேரே ஒட்டினால் ஓடு வெடிக்கும். ஆதலின் இடையே மென்மையான நாரடைத் திண்டு ஒன்றை வைத்து ஒட்டினர். மேலும், ஓட்டின் மேற்புறம் வெப்பத்தை வெளியே வீசுதற்பொருட்டுக் கருநிறக் கண்ணாடிப் பூச்சும் இட்டனர். பூச்சும் உடலும் ஒத்திசைதல், துளைகளின் அளவு, சுடும் சூட்டின் ஏற்றவிறக்கம் ஆகிய இம்மூன்றும் திருமுதுகுன்றத்துச் சூளைகளில் நாள்தோறும் பேசப்படுபவை. வேறுபாடு, அங்கே கண்ணாலும் கையாலும் அளப்பதை, இங்கே எண்ணாலும் கருவியாலும் அளக்கின்றனர் என்பதே.

இக்கலையில் சிறு பிழையும் உயிரைக் கொள்ளும். 2003 சனவரி 16இல் கொலம்பியா ஏவப்பட்டபோது, எரிபொருட் கொள்கலனின் நுரைப்போர்வையிலிருந்து பெயர்ந்த துண்டு ஒன்று இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியது. அவ்விளிம்பிலிருந்த கரிமக் காப்புப் பலகை உடைந்தது. பிப்பிரவரி 1இல் திரும்பும்போது அவ்வுடைப்பின் வழியே அனல் உட்புகுந்து கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். காப்பில் ஒரு துளை, ஏழு உயிர்கள். இத்துறையை ஏட்டளவில் மட்டும் கற்றல் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தியப் பட்டறிவு

2007 சனவரி 10இல் ஏவப்பட்ட 550 கிலோ மீட்புக்கூண்டு ஒன்று, பன்னிரு நாள் உலகைச் சுற்றியபின், சனவரி 22இல் வான்குடை விரித்து வங்கக் கடலில் வந்திறங்கியது. அதன் முகப்பில் தேய்காப்பும், பக்கங்களிற் சிலிக்கா ஓடுகளும் இருந்தன. இந்தியா சுற்றுப்பாதையிலிருந்து மீட்ட முதற்கூண்டு அதுவே. 2014 திசம்பர் 18இல் 3,775 கிலோ எடையுள்ள ஆளேற்று கூண்டின் முன்னோடி ஒன்று 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விடுபட்டு அந்தமானை அடுத்த கடலில் இறங்கியது. 2016 மே 23இல் சிறகுடைய மீள்பயன் ஏவுகலத்தின் முன்னோடி 65 கிலோமீட்டர் உயரம் சென்று மீண்டது. அதன் மேனியில் ஏறத்தாழ 600 வெப்பத்தடுப்பு ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. 2025 ஆகத்து 24இல் ஆளேற்று கூண்டின் வான்குடைகள், வானூர்தியிலிருந்து கூண்டை இறக்கி ஆய்வு செய்யப்பட்டன.

நிலவில் இறங்குதல் இவற்றினின்றும் வேறானது. நிலவில் காற்றுப்போர்வை இன்மையால் அங்கே வெப்பக் காப்பு வேண்டா. காற்றின் தடையும் கிடையாது. பொறியின் உந்துதலால் மட்டுமே இறங்க வேண்டும். 2023 ஆகத்து 23இல் நிலவிறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், வேப்பூருக்கு அணித்தான விழுப்புரத்தில் பள்ளிக்கல்வி பயின்று, பட்டயப் படிப்பிலிருந்து ஏறிச் சென்றவர். திருச்சிராப்பள்ளிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். தென்சாலையின் முனை அது. செவ்வாயில் இறங்குதலோ இரு துன்பமும் சேர்ந்தது. அங்குள்ள காற்றின் அழுத்தம் உலகக் காற்றில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. கலத்தை எரிக்க அது போதும், நிறுத்தப் போதாது. 2012 ஆகத்து 6இல் அங்கிறங்கிய கியூரியாசிட்டி ஊர்திக்கு, 4.5 மீட்டர் அகலத் தேய்காப்பும், வான்குடையும், உந்துபொறியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்பட்டன. அவை அனைத்தும் ஏறத்தாழ ஏழு மணித்துளிகளில், மாந்தர் கையின்றித் தாமே இயங்கின.

பல்கலைக்கழகங்களின் பங்கு

இத்துறையின் அடிப்படை ஆய்வுகளிற் பல பல்கலைக்கழகங்களில் நிகழ்பவை. விண்நுழைவின் விரைவை நிலத்திலேயே உண்டாக்க ஆத்திரேலிய அறிஞர் இரேமண்டு இசுட்டாக்கர் ஒரு வழி கண்டார். குழலுக்குள் கனத்த உந்துதண்டைப் பாயவிட்டு வளியை நெருக்கி, தடுப்புத் தகட்டை உடைத்து, அதிர்ச்சி அலையை எழுப்பிக் காற்றைப் பாய்ச்சும் சுருங்கை அது. ஆய்வு நீடிப்பது நொடியின் ஆயிரத்திலொரு கூறுகள் சிலவே. அதற்குள் அளந்து முடித்தல் வேண்டும். குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த சுருங்கை 1987இல் இயங்கத் தொடங்கியது. செர்மனியின் சிட்டுட்கார்ட்டுப் பல்கலைக்கழகத்தில் மின்னேறிய அனற்காற்றிற் காப்புப் பொருள்களைச் சுட்டுப் பார்க்கும் ஆய்வகம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் அதிர்ச்சிச் சுருங்கைகள் உள்ளன.

இவற்றுள் தமிழர் ஊன்றி நோக்கத்தக்கது சப்பானின் வரலாறு. 1955 ஏப்பிரல் 12இல் தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இட்டோகாவா இதேயோ, பென்சில் எனப் பெயரிட்ட 23 செ.மீ. நீள ஏவுகலத்தைப் பலர் காணச் செலுத்தினார். அதை வானோக்கியும் ஏவவில்லை, கிடைமட்டமாகவே ஏவினார். அப்பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஆய்வகமே பின்னர்த் தனி நிறுவனமாயிற்று. அந்நிறுவனத்தார் அனுப்பிய அயபுசா விண்கலம், அப்பேராசிரியரின் பெயரே சூட்டப்பெற்ற சிறுகோளை அடைந்து, அதன் துகள்களோடு மீண்டது. 2010 சூன் 13இல் 40 செ.மீ. அகலமுள்ள கூண்டு நொடிக்கு 12 கிலோமீட்டர் விரைவில் நுழைந்து ஆத்திரேலியப் பாலைநிலத்தில் இறங்கியது. தாய்க்கலம் வானில் எரிந்தழிந்தது. கூண்டு தன் காப்பினாற் பிழைத்தது. கையளவு பென்சிலிலிருந்து சிறுகோள் வரை ஐம்பத்தைந்து ஆண்டு. அந்நாட்டு மாணவர் பொறியியலைத் தம் சப்பானிய மொழியிற் கற்றனர் என்பதை மறத்தல் ஆகாது. அவர்கள் பிறமொழிகளையும் அறிவர். ஆனால் எண்ணிப் பார்ப்பதற்குப் பிறமொழியை இரவல் வாங்கியதில்லை.

அறுந்து கிடக்கும் இணைப்பு

தமிழ்நாட்டில் அறிவுக்கோ மண்ணுக்கோ குறைவில்லை. வடசாலை முனையில், அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட் துணைக்கோள் 2009 ஏப்பிரல் 20இல் விண்ணேறியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று ஆக்கிய முதல் துணைக்கோள் அதுவே. அப்பல்கலைக்கழகத்திற் பீங்கான் தொழில்நுட்பத் துறையும் உண்டு. மேற்சாலை முனையில், சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களின் துணையோடு, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறை நிலவு மண்ணை ஒத்தது எனத் தெளியப்பட்டு, நிலவூர்தி ஆய்வுக்குப் பொடியாக்கிப் பயன்படுத்தப்பட்டது. கிழக்கு முனையில், திருமுதுகுன்றத்திற் பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் உள்ளது. அதைச் சூழச் சூளைகளும் உள்ளன.

இவையெல்லாம் இருந்தும், சூளையில் வேலை செய்வாரின் பிள்ளை விண்கல ஓடு ஆக்கும் ஆய்வாளராக உயர்தற்கு வழி எங்கே முறிகின்றது? அறிவுக் குறைவால் முறிவதன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டு தமிழிற் பயின்று, கல்லூரி வாயிலிற் கால் வைத்ததும், அப்பிள்ளைக்குத் தெரிந்த பொருள்களெல்லாம் தெரியாத பெயர்களோடு எதிரே நிற்கின்றன. துளை என்று தான் அறிந்ததை வேறொரு சொல்லால் மனப்பாடம் செய்கிறான். பூச்சு வெடித்தல் என்று தந்தை சொல்லக் கேட்டதையே பாடநூலிற் காண்கிறான், ஆனால் இரண்டும் ஒன்றென அறிகிலன். பட்டறிவு ஒருபுறமும் படிப்பறிவு மறுபுறமும் நிற்க, நடுவே மொழி மதிலாகின்றது.

தமிழில் உயர்கல்வி இயலாது என்பார்க்கு வரலாறே மறுமொழி. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். அயலார் ஒருவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதோ? 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவ்வகுப்புகள் நிறுத்தப்படும் என்னும் அறிவிப்பு வெளிவந்து, பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. தொடங்கியதும் உண்மை, நிறுத்த எண்ணியதும் உண்மை. நூல்களும் வேலைவாய்ப்பும் இன்றி வகுப்பை மட்டும் திறந்தால், மாணவர் எவ்வாறு நாடி வருவர்?

செய்யத் தக்கவை

பழம்பெருமை பேசுவதால் ஓர் ஓடும் ஆகாது. முதுமக்கள் தாழி சுட்ட இனம் என்று மார்தட்டுவது எளிது. இன்றைய தாழியைச் சுடுவதே அரிது. ஆதலின் செய்யத்தக்க சிலவற்றை மட்டும் எண்ணுக.

முதலாவது, உயர்சூட்டுப் பீங்கான் பற்றியும் விண்கலக் காப்புப் பற்றியும் தமிழிற் பாடநூல்கள் வேண்டும். மீள்நுழைவு, மழுமுனை, அதிர்ச்சி அலை, தேய்காப்பு, ஓட்டுக்காப்பு, வான்குடை என இப்பொழிவில் வந்த சொற்களுள் எதற்கும் அகரமுதலியைப் புரட்ட வேண்டுவதில்லை. சொல் இல்லை என்பது பொய். எழுதுவாரும் அச்சிடுவாரும் இல்லை என்பதே மெய். அந்நூல்களைச் சூளைக்காரர்களோடு இருந்து எழுதுதல் வேண்டும். அவர்கள் வாயில் உள்ள தொழிற்சொற்கள், அறையில் அமர்ந்து ஆக்கும் சொற்களினும் உறுதியானவை.

இரண்டாவது, திருமுதுகுன்றத்துப் பயிலகத்தையும் பல்கலைக்கழகத் துறைகளையும் ஆய்வால் இணைத்தல் வேண்டும். பட்டயம் பெற்ற மாணவன், தன் ஊர் மண்ணை அளந்து ஆய்ந்து பட்டமும் முனைவர் பட்டமும் பெறும் நேர்வழி இருத்தல் வேண்டும். விழுப்புரத்துப் பட்டய மாணவர் ஒருவர் நிலவு வரை சென்ற நாட்டில் இது மிகையான வேண்டுகை அன்று.

மூன்றாவது, பள்ளியிலேயே தொடங்கத் தக்கது. களிமண்ணோடு உமி கலந்து சுட்டால், உமி எரிந்துபோய்த் துளைகள் எஞ்சும். ஓடு எடை குறையும். வெப்பம் மெல்ல ஊரும். உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவே. உமி எவ்வளவு கலந்தால் வெப்பம் எவ்வளவு தடைப்படும், எவ்வளவு மிகுந்தால் ஓடு நொறுங்கும் என்பதை ஆசிரியர் துணையோடு மாணவர் அளந்து எழுதலாம். அவ்வோடு விண்ணுக்குச் செல்லாது. ஆனால் விண்ணுக்குச் செல்லும் ஓட்டை ஆக்குவோர் கேட்கும் கேள்வி அதுவே. இட்டோகாவாவின் பென்சிலும் விண்ணுக்குச் சென்றதில்லை.

அவையோரே! சூளை நெருப்பும் விண்ணெருப்பும் ஒரே நெருப்பு. சூளை நெருப்பை ஆளக் கற்றவர் விண்ணெருப்பின் முன் அயலவராய் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. வேப்பூர்ச் சாலையிற் சரக்குந்துகளில் வைக்கோல் சுற்றிச் செல்லும் பீங்கானுக்குப் பக்கத்தில், இவ்வூர்ப் பிள்ளைகள் தமிழிற் கற்று, தமிழில் எண்ணி, தம் கையாற் சுட்ட காப்போடும் ஒரு நாள் பெட்டி ஒன்று செல்லுதல் வேண்டும். அதற்கு வேண்டிய மண் இங்கே இருக்கின்றது, நெருப்பும் இருக்கின்றது. நூலும் வழியும் அமைத்தல், படித்த தமிழரின் கடன்.